சின்னப் படகில் காட்டு ஏரிக்கு மீன்பிடி முகாம்: டெமகாமியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ரொறொன்ரோவில் இருந்து வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றர், நெடுஞ்சாலை 11 வழியாக நோர்த் பே தாண்டி இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் டெமகாமி ஏரி. 14 அடி அலுமினியப் படகு, 9.9 குதிரைவலு மோட்டார், மூன்று இரவு கூடாரம். இந்த அளவுப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரெஞ்ச் ரிவர், நிப்பிசிங் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாகப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் திட்டத்தைத் தலைகீழாகத்தான் போடுகிறார்கள். முதலில் தூண்டில், பிறகு கூடாரம், பிறகு இறைச்சி, கடைசி இரவில்தான் பெற்றோலும் காற்றும் ஞாபகம் வரும். வீட்டுக்கு உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது அந்தக் கடைசி இரண்டும்தான். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

வரைபடத்தை விரித்ததும் எந்த மூலையில் மீன் இருக்கும் என்று தேட வேண்டாம். படகை இறக்கும் இடத்துக்கும் முகாமுக்கும் நடுவில் எவ்வளவு அகலத் திறந்த தண்ணீர் கிடக்கிறது, அது எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கில் இருந்து வரும். தடையில்லாமல் எத்தனை கிலோமீற்றர் தண்ணீர் மேல் ஓடி வருகிறதோ, அலையும் அந்தளவுக்கு வளரும். ஒரே காற்று ஒரு தீவின் மறைவில் சிற்றலையாகவும் அடுத்த திருப்பத்தில் படகுக்குள் தண்ணீர் அடிக்கும் அலையாகவும் இருக்கும்.

டெமகாமி பல கைகளாகப் பிரிந்து கிடக்கும் ஏரி. ஊரில் இறக்கினால் வடகிழக்குக் கை முழுவதையும் ஓடித்தான் நடு ஏரிக்குப் போகலாம், தென்மேற்குக் காற்று அந்தக் கை நெடுகவே அடிக்கும். நெடுஞ்சாலையில் இருந்து பிரியும் ஏரி வீதியின் முடிவில் இறக்கினால் அந்த நீண்ட ஓட்டம் மிச்சம். முதல் தடவை போகிறவர்கள் இரண்டாவதையே எடுங்கள்.

தெரிவு செய்த முகாமுக்கு இரண்டு வழி இருக்க வேண்டும்: நேர் வழி ஒன்று, தீவுகளின் மறைவில் கரையோடு ஊர்ந்து போகும் சுற்று வழி ஒன்று. சுற்று வழி இல்லாத இடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் 14 அடிப் படகுக்குச் சரிவராது.

2. திகதி

மே நடுவில் இருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈ, அதோடு சேர்ந்து ஜூலை வரை நுளம்பு. மே மாதம் மீன் நன்றாகப் பிடிபடும் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீர் உறைபனியில் இருந்து அப்போதுதான் விட்டிருக்கும், விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் வேலை செய்யாது. முதல் பயணத்துக்கு ஆகஸ்ட் நடுவில் இருந்து செப்டெம்பர் முதல் கிழமை முடிய நல்லது: பூச்சி குறைவு, தண்ணீரில் இன்னும் சூடு இருக்கும்.

விடுமுறைக்குத் திகதி போடும்போது திரும்பும் நாளுக்குப் பிறகு ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். திங்கட்கிழமை காலை வேலை இருக்கிறது என்பதற்காக ஞாயிறு பின்னேரம் பெரிய அலையில் ஏரியைக் கடப்பதுதான் இந்தப் பயணத்திலேயே மிக ஆபத்தான முடிவு. அந்த ஒரு நாள் கையில் இருந்தால் அப்படி முடிவெடுக்க அவசியமே வராது.

3. பத்திரங்கள்

மோட்டார் பூட்டிய எந்தப் படகையும் ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும், மின்மோட்டார் என்றாலும் வேண்டும். பரீட்சையை இணையத்திலேயே எழுதலாம், அட்டைக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி. மோட்டார் 10 குதிரைவலு அல்லது மேல் என்றால் படகுக்கும் தனியாக இலக்கம் எடுக்க வேண்டும். 9.9 மோட்டார்கள் இவ்வளவு ஓடித்திரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்பிடிக்கு 18 முதல் 64 வயதுவரை அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடி, வேட்டைக்கு மாகாணம் தரும் அட்டை) மீன்பிடி அனுமதியும் வேண்டும். கனடாவில் வசிக்கும் 18க்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் அடையாள அட்டையே போதும். அப்பாவைக் கூட்டிப்போனால் அவருடைய அட்டையை மறக்காமல் பையில் போடுங்கள்.

முடிக்குரிய நிலத்தில் (Crown land, அரசின் பொது நிலம்) கனடாவில் வசிப்பவர்கள் இலவசமாகக் கூடாரம் போடலாம், ஒரே இடத்தில் ஆண்டுக்கு 21 நாள் வரை. ஆனால் இலண்டனில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ வந்து நிற்கும் மச்சானுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே முடிக்குரிய நிலத்தில் தங்க வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும், டெமகாமி அந்த எல்லைக்குள்தான் வருகிறது. மீன்பிடி அனுமதியும் அவருக்கு வெளிநாட்டவருக்கானதே.

நீங்கள் தெரிவு செய்த இடம் முடிக்குரிய நிலமா, மாகாணப் பூங்காவா, தனியாருடையதா என்பதை மாகாண அரசின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பாருங்கள். டெமகாமியைச் சுற்றிப் பல பூங்காக்கள் உண்டு, அவற்றுக்குள் இரவு தங்கப் பணம் கட்ட வேண்டும். ஏரி நடுவில் உள்ள பேர் ஐலண்ட் (Bear Island) டெமகாமி முதற்குடி மக்களின் ஊர், அது முகாம் போடும் இடம் அல்ல.

4. எடைக் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். படகின் உட்புறத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், அதில் மொத்தச் சுமை கிலோவில் போட்டிருக்கும். ஆட்கள், சாமான், பெற்றோல், மோட்டார் எல்லாம் சேர்ந்த எடை அது, அதுவும் நல்ல காலநிலைக்கு.

உங்கள் தகட்டில் 400 கிலோ என்று இருக்கிறது என்று வைப்போம். மூன்று பேர், ஆளுக்கு 85 கிலோ, 255. மோட்டார் 40. நிரப்பிய 25 லீற்றர் பெற்றோல் தாங்கி 23. ஆளுக்கு 25 கிலோ பை, படுக்கை, சாப்பாடு என்று 75. ஐஸ் போட்ட பெட்டி 25. நங்கூரம், கயிறு, பாதுகாப்புச் சாமான் 15. மொத்தம் 433. ஒருவரும் அளவுக்கு மிஞ்சி எதையும் கொண்டுவரவில்லை, ஆனாலும் படகு மிஞ்சிவிட்டது.

மூன்று பேர் இருக்கக் கூடிய படகு என்றால் மூன்று பேர் முகாமுக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. 14 அடிப் படகு இரண்டு பேருக்கும் அவர்களுடைய சாமானுக்கும் சரி. மூன்றாமவர் வந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு நடை ஓடுங்கள், அல்லது இரண்டாவது படகு கொண்டுபோங்கள். இரண்டு படகு உண்மையில் எல்லா வகையிலும் நல்லது, ஒன்று நின்றால் மற்றது இழுத்து வரும்.

தண்ணீரைச் சுமக்க வேண்டாம். ஏரித் தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் குடிக்கலாம். கொதிக்க வைக்காமல் குடித்தால் ஜியார்டியா என்ற வயிற்றோட்டக் கிருமி வரலாம், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும்.

5. பெற்றோலும் மோட்டாரும்

9.9 மோட்டார் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குடிக்கும். முகாம் 15 கிலோமீற்றர் தூரம் என்றால் சுமையோடு போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், 8 லீற்றர். மூன்று நாள் மெதுவாக ஓடி மீன்பிடிக்க இன்னொரு 8. இந்த 16 முழுத் தேவையின் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும், மற்றப் பங்கு எதிர்காற்றுக்கு. ஆக 24 லீற்றர். 25 லீற்றர் தாங்கி சரியாக நிரம்புகிறது, ஆனாலும் தனியாக 10 லீற்றர் கான் ஒன்றும் எடுங்கள், தாங்கிக்குள் தண்ணீரோ தூசியோ போனால் மாற்று வேண்டும். எடைக் கணக்கில் அதையும் சேர்க்க மறக்காதீர்கள்.

பெற்றோல் அடிக்கும்போது தாங்கியையும் கானையும் படகில் இருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். ஆவி படகின் அடியில் தங்கினால் ஒரு பொறி போதும்.

கரையை விட்டுப் பத்து நிமிடத்தில் மோட்டார் இருமி நின்றால் கவரைக் கழற்ற முன்னம் தாங்கியின் மூடியைப் பாருங்கள். மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகு இருக்கும், காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் பெற்றோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, இழுப்பது நின்றுவிடும், குழாயில் உள்ள இறப்பர் குமிழ் சப்பிப்போய்க் கிடக்கும். திருகைத் திறந்து குமிழ் இறுகும்வரை அமுக்கினால் மோட்டார் ஓடும். புதியவர்களின் மோட்டார்ப் பிரச்சினைகளில் நான் அதிகம் கண்டது இதுதான்.

மாற்று ப்ரொப்பெல்லர், அதன் நட்டு, ஊசி, ஒரு ஸ்பார்க் பிளக், அவற்றைக் கழற்றும் சாவிகள். இவ்வளவும் ஒரே பையில். இங்கே ஏரியின் அடி முழுக்கப் பாறை, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஒளிந்து நிற்கும். பயணத்துக்கு முதல் வாரம் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

6. பாதுகாப்புச் சாமான்

6 மீற்றருக்கு உட்பட்ட மோட்டார்ப் படகில் சட்டப்படி இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு அளவான மிதவைச் சட்டை, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறு கொண்ட நங்கூரம், தண்ணீர் இறைக்கும் கோப்பை அல்லது பம்ப், விசில், தண்ணீர் புகாத ரோர்ச் அல்லது அவசரத் தீச்சுடர் (flare), இருட்டில் ஓடினால் விளக்குகள். துடுப்பா நங்கூரமா என்று யோசிக்காமல் இரண்டையும் எடுங்கள்.

மிதவைச் சட்டை படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும், உயிருக்குப் போதாது. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, பிறகு பத்து நிமிடம்தான் கைகால் பயன்படும், அதற்குள் மிதந்துகொண்டிருக்கும் சட்டையைப் பிடித்து மாட்டுவது நடக்கிற காரியம் இல்லை. எங்கள் ஆட்கள் இந்த நாட்டு ஏரிகளில் போய்ச் சேர்ந்த செய்தியை நாங்கள் போதுமான அளவு வாசித்துவிட்டோம். இறக்கும் இடத்தில் மாட்டி, முகாமில் கழற்றுங்கள்.

ஓட்டுகிறவர் மோட்டாரை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றைக் கையிலோ சட்டையிலோ கொழுவ வேண்டும், அவர் விழுந்தால் மோட்டார் நிற்கும். சிறுநீர் கழிக்கப் படகின் விளிம்பில் எழுந்து நிற்க வேண்டாம், விழுகிறவர்களில் பலர் அப்படித்தான் விழுகிறார்கள். இறைக்கும் கோப்பை இருக்கிறது, அல்லது கரைக்குப் போங்கள்.

மது பற்றியும் ஒரு வரி. இப்படியான திறந்த படகில் போத்தலைத் திறப்பதே சட்டவிரோதம், நங்கூரம் போட்டு நின்றாலும்தான். குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் கார் லைசென்ஸும் போகும்.

7. ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்

டெமகாமி ஊரை விட்டு விலகியதும் கைத்தொலைபேசியை நம்ப முடியாது. ஆகவே வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாள்: யார் யார், படகின் நிறம், காரின் இலக்கம், எங்கே இறக்குகிறீர்கள், முகாமின் வரைபடப் புள்ளி, எப்போது திரும்புகிறீர்கள், எந்த நேரத்துக்குப் பிறகு பொலிசை அழைக்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றே இரவைக் கழித்துவிடுவார்கள். ஏரிகளில் தேடுதல் ஒன்ராறியோ மாகாணப் பொலிசின் வேலை, 1-888-310-1122.

செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை மாதக் கட்டணத்துக்கோ வாடகைக்கோ எடுக்கலாம். புதுத் தூண்டில் வாங்கும் காசை இதில் போடுங்கள்.

8. படகை இறக்கும் ஒழுங்கு

சரிவில் காரை விட்டபிறகு சாமான் ஏற்றத் தொடங்கினால் பின்னால் வரிசை நிற்கும், அவசரம் வரும், அவசரத்தில் படகின் வடிதுளையை மூடும் அடைப்பான் மறக்கும். தரிப்பிடத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சரிவுக்கு வாருங்கள். முதலில் படகின் பின்பலகையில் உள்ள அடைப்பானைப் பூட்டுங்கள், கையால் தொட்டுப் பாருங்கள், மேலதிகமாக ஒன்று பையில் இருக்கட்டும். அடுத்து பின்பக்கப் பட்டியைக் கழற்றுங்கள். முன்பக்கக் கயிற்றைக் கட்டுங்கள். மோட்டாரை மேலே தூக்கிப் பூட்டுங்கள். சாமானை ஏற்றுங்கள். முன்பக்கக் கொளுக்கியை மட்டும் தண்ணீரில் படகு மிதக்கும்வரை கழற்றாமல் விடுங்கள்.

பாரமானவை நடுவில், அடியில். மோட்டாரும் ஓட்டுகிறவரும் ஏற்கனவே பின்னால் இருப்பதால் பின்பக்கம் தாழ்ந்திருக்கும், அங்கே ஐஸ் பெட்டியையும் வைத்தால் வேகத்தைக் குறைக்கும்போது உங்கள் அலையே உள்ளே வரும். உடுப்பும் படுக்கையும் தண்ணீர் புகாத பையில், எல்லாப் பையும் கயிற்றில்.

9. ஏரியைக் கடப்பது

காற்று அநேகமாக விடியலில் அடங்கியிருக்கும், நடுப்பகலில் எழும்பி, பின்னேரம் பலமாகி, இருட்ட அடங்கும். ஆகவே வெள்ளி இரவு ஊருக்கு அருகில் தங்கி, சனி விடிய கடப்பதுதான் சரியான திட்டம். ஐந்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்து, மதியம் இரண்டு மணிக்கு நேராக ஏரியில் இறங்குவது பலரின் திட்டம், அது நாளின் மோசமான நேரம்.

என்னுடைய எல்லை இது: முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் என்றால் சுமையேற்றிய சின்னப் படகு திறந்த தண்ணீரைக் கடக்காது. அந்த வேகத்தில்தான் ஏரி முழுக்க வெள்ளை நுரைத் தலைகள் தோன்றத் தொடங்கும். முன்னறிவிப்பைப் பார்க்க முடியாத இடத்தில் கண்ணே போதும்: நுரையைக் கண்டால் நில்லுங்கள்.

நடுவழியில் மாட்டினால் வேகத்தைக் குறைத்து, அலையை நேராக வாங்காமல் சற்றுச் சாய்வாக ஏறுங்கள், பக்கவாட்டில் மட்டும் வாங்க வேண்டாம். அலை பின்னால் இருந்து வந்தால் சாமானை முன்பக்கத்தில் இருந்து எடுத்துவிடுங்கள், அலையில் சறுக்கி இறங்கும் படகின் மூக்கு முன்னால் உள்ள அலைக்குள் குத்தும். மிக அருகில் உள்ள தீவின் மறைவில் ஒதுங்கித் தேநீர் போடுங்கள். அதற்காகத்தான் அந்த வெறுமையான நாள்.

10. முகாம்

இருட்டுக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக இடம் பிடியுங்கள். முதலில் மேலே பாருங்கள், பட்டுப்போன மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் அதன் கீழ் கூடாரம் வேண்டாம். கொஞ்சம் காற்றுப் படும் பாறை முனை நல்லது, நுளம்பு குறையும். குழிவான இடம் மழைக்குக் குளமாகும்.

படகைப் பாதியாவது கரைக்கு இழுத்து, முன்னும் பின்னுமாக இரண்டு மரங்களில் கட்டுங்கள். இரவில் காற்று திரும்பும். மிதந்து போகும் படகைப் பிடிக்க நீந்திப் போவது எந்த நிலையிலும் செய்யக்கூடாத காரியம், காற்று அதை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோகும்.

தீ மூட்ட முன்னம், புறப்படும் நாளிலேயே, அந்தப் பகுதியில் தீத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். தடை இருந்தால் விறகு நெருப்பே கூடாது, ஆகவே காஸ் அடுப்பு எப்போதும் பையில் இருக்க வேண்டும். விறகை ரொறொன்ரோவில் இருந்து கொண்டுபோக வேண்டாம், மரத்தைக் கொல்லும் பூச்சிகள் அப்படித்தான் பரவுகின்றன. நெருப்பை வெறும் பாறையில் போடுங்கள். காட்டுத் தரை வேரும் சருகும் மக்கிய பஞ்சு போன்ற படை, அதற்குள் இறங்கிய நெருப்பு வெளியே தெரியாமல் ஊர்ந்து நாட்கள் கழித்து வேறிடத்தில் எழும்பும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, வெறுங்கையால் தொடக்கூடிய குளிர்ச்சி வரும்வரை செய்யுங்கள்.

11. சாப்பாடும் கரடியும்

இங்கே கறுப்புக் கரடி. அதன் மூக்குக்குத்தான் பயப்பட வேண்டும். கருவாடு கொண்டுபோக வேண்டாம், மாசிச் சம்பல் என்றால் இறுக மூடும் டப்பாவில். மீன் பொரித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சாப்பாடு, குப்பை, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் ஒரே பையில் போட்டு, கூடாரத்துக்குத் தூரமாக, நிலத்தில் இருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்தில் இருந்து 2 மீற்றராவது தள்ளித் தொங்க வேண்டும். கயிற்றின் நுனியில் கல் கட்டிக் கிளைக்கு மேல் எறிவதற்குச் சரியான கிளை கிடைக்கவே நேரம் எடுக்கும், வெளிச்சத்திலேயே கயிற்றைப் போட்டு வைத்துவிடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூட வேண்டாம். சமைத்த உடுப்போடு படுக்கவும் வேண்டாம்.

மலசலம் தண்ணீரில் இருந்து 60 மீற்றர் தள்ளி, குழி தோண்டி மூடுங்கள். சின்ன மண்வெட்டி ஒன்று போதும்.

12. இப்போதுதான் மீன்

ஒன்ராறியோவில் 20 மீன்பிடி மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு காலம், வேறு எண்ணிக்கை, வேறு நீளம். டெமகாமி 11ஆம் மண்டலம். மண்டல விதியைப் பார்த்தபின் அந்த ஏரிக்கென்று தனி விதிவிலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

வீட்டு உறைபெட்டியில் கிடக்கும் மீனும் உங்கள் கையிருப்பு எண்ணிக்கையில் சேரும். நாளுக்கு நாலு என்றால் மூன்று நாளைக்குப் பன்னிரண்டு கொண்டுவரலாம் என்ற கணக்குத் தவறு. அங்கேயே பிடித்து, அங்கேயே சாப்பிடுங்கள். கொண்டுவருவதை எண்ணவும் இனம் காணவும் முடிய வேண்டும், ஆகவே சதைத் துண்டில் ஒரு பகுதித் தோலை விடுங்கள், நீள எல்லை உள்ள இனம் என்றால் அளக்கக்கூடிய விதத்தில் முழுதாகக் கொண்டுவாருங்கள்.

உயிர் இரையாக மீன்குஞ்சையும் அட்டையையும் தெற்கில் வாங்கிக் கொண்டு வடக்கே போவதில் கட்டுப்பாடு உண்டு, அந்த ஊர்க் கடையில் வாங்கி இரசீதை வைத்திருங்கள். மிச்ச இரையையும் மண்ணையும் தண்ணீரிலோ அதற்கு 30 மீற்றருக்குள்ளோ கொட்டக்கூடாது.

ஆகஸ்டில் பிக்கரல், அதாவது வால்ஐ, பகலில் ஆழத்தில் கிடக்கும், வெயில் சாயும்போதுதான் பாறைத் திட்டுகளின் விளிம்புக்கு வரும். கால் அவுன்ஸ் ஜிக்கில் (ஈயத் தலை உள்ள தூண்டில் முள்) ஒரு அட்டையைக் கோத்து, அடியைத் தொட்டுத் தூக்கி மெதுவாக நகர்த்தினால் போதும். முகாமுக்குக் கண்ணெட்டும் தூரத்திலேயே பிடியுங்கள், இருட்டில் தெரியாத பாறைகளுக்கு நடுவே வர வேண்டியிராது. சாப்பிட நடுத்தர மீனை வைத்துக்கொண்டு பெரியதை விடுங்கள், பெரிய மீனில் பாதரசம் கூட, முட்டையிடுவதும் அதுதான்.

மீனை முகாமில் வெட்ட வேண்டாம். படகில் வேறு கரைக்குப் போய் வெட்டி, கழிவை அங்கேயே தண்ணீரில் இருந்து தள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டு வாருங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி மட்டும் வீட்டிலேயே கலந்து கொண்டுபோனால் சட்டி ஒன்றோடு வேலை முடியும்.

13. திரும்பும் நாள்

முதல் நாள் இரவே கூடாரம் தவிர எல்லாவற்றையும் கட்டி வையுங்கள், விடிய முதல் தேநீரோடு படகு புறப்பட வேண்டும். காற்று இருந்தால் அவிழ்த்துப் போட்டுக் காத்திருங்கள், செய்மதிக் கருவியில் வீட்டுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு.

கரையேறியதும், வீதிக்குப் போக முன்னம், படகில் ஒட்டிய பாசி, செடி எல்லாவற்றையும் எடுத்து, அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிய விடுங்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். அடைப்பானைக் கழற்றியபடியேதான் ஓட்ட வேண்டும், கழற்றியதைக் காரின் திறப்புக் கோர்வையில் கொழுவுங்கள். அப்புறம் தொலைபேசி எடுபடும் முதல் இடத்தில் நிறுத்தி, தாள் வைத்திருப்பவருக்கு அழைத்து வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல மறந்தால் அவர் பொலிசை அழைப்பார்.